பழைய காலத்து விளையாட்டுப் பொருள்கள்: 4–6 வயதுப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது?

#1 பாலர்_மேசை

வணக்கம். 4 முதல் 6 வயது வரை 22 பிள்ளைகள். நாளுக்கு 40 நிமிஷம், மூன்று நாள். தலைப்பு ‘அந்தக் காலத்து விளையாட்டுப் பொருள்கள்’. இப்போதைக்குப் போட்டு வைத்திருக்கும் திட்டம்: முதல் நாள் படம் காட்டி ஆண்டுவாரியாகச் சொல்வது, இரண்டாம் நாள் ஒரு காணொளி, மூன்றாம் நாள் பம்பரம் விடக் கற்றுத் தருவது. இதில் எது தேறும், எது தேறாது? பிள்ளைகளே செய்து விளையாடக்கூடியது என்னென்ன? அளவு, பொருள், எங்கே சொதப்பும் என்பதோடு சொன்னால் புண்ணியமாகப் போகும்.

#2 அட்டைப்பெட்டி

திட்டத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். முதல் நாளே கையில் பொருள் இருக்கணும். பெயர் அதற்கப்புறம், காலம் கடைசி. இந்த வயதில் 1950 என்றாலும் 1850 என்றாலும் ஒன்றுதான், இரண்டுமே வெறும் சத்தம். ‘எது முன்னால, எது பின்னால’ என்ற வரிசை மட்டும் பிடிபடும்.

வரிசைக்கு ஒரு துணிக்கொடி போதும். பிள்ளைகளின் தோள் உயரத்தில் 4 மீட்டர் கயிறு கட்டி, மீட்டருக்கு ஒரு படமாக நான்கு படம் கிளிப்பால் மாட்டுங்கள்: ‘இப்போ நான்’, ‘அம்மா அப்பா சின்னப் பிள்ளையா இருந்தப்போ’, ‘பாட்டி தாத்தா சின்னப் பிள்ளையா இருந்தப்போ’, ‘அதுக்கும் ரொம்ப முன்னாடி’. ஐந்தாவது படம் வேண்டாம். நான்குக்கு மேல் போனால் நடுவில் இருப்பது எல்லாம் குழம்பிவிடும். வேலை முடிந்ததும் கொடியைக் கழற்றிவிடுங்கள், அந்த உயரம் கழுத்துக்கும் உயரம்.

ஒரு பொறி இருக்கிறது. இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் ‘பழையது’ என்றால் ‘அழுக்கானது, உடைந்தது’ என்றுதான் அர்த்தம். சக்கரம் போன பிளாஸ்டிக் காரையும் பளபளவென்று புது வார்னிஷ் அடித்த மரப் பம்பரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘எது அந்தக் காலத்து விளையாட்டு?’ என்று கேளுங்கள். பாதிப் பேர் காரைக் காட்டுவார்கள். ‘இந்தப் பம்பரம் நேத்து செஞ்சது, ஆனா பம்பரம்ங்கிற விளையாட்டு ரொம்பப் பழசு’ என்பதை இங்கே பிரித்துச் சொல்லிவிட்டால் மூன்று நாளும் வண்டி ஓடும். இதைத் தாண்டிப் போனால் கடைசி வரை ‘அழுக்கா இருக்கு, அதனால பழசு’தான்.

காணொளி கையால் செய்து முடித்த பிறகு, இரண்டு நிமிஷத்துக்குள். முதலில் போட்டுவிட்டால் கையில் கொடுக்கும் பொருள் சப்பென்று ஆகிவிடும், திரையில் எல்லாமே முதல் முயற்சியிலேயே சுற்றுமே.

#3 சாட்டையும்_ஆணியும்

//மூன்றாம் நாள் பம்பரம் விடக் கற்றுத் தருவது//

சாட்டை சுற்றி விடும் பம்பரம் 4 வயதுக்கு ஆகாது, 6 வயதுக்கும் கஷ்டம். இடது கை பம்பரத்தைப் பிடிக்கணும், வலது கை கயிற்றைத் தளராமல் சுற்றணும், சுற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. இரண்டு கையும் இரண்டு வேலை. போதாக்குறைக்கு ஆணி. 22 பேரில் இரண்டு பேர் விடுவார்கள், மீதி இருபது பேர் அழுவார்கள்.

விரல் பம்பரத்தில் தொடங்குங்கள். ஒன்றுக்குத் தேவை:

- 8 செ.மீ. விட்டமுள்ள அட்டை வட்டம் மூன்று, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியது
- 7 செ.மீ. நீளத்தில் பென்சில் துண்டு, சீவியது. முனையைத் தரையில் தேய்த்துக் கொஞ்சம் மழுக்கிவிடுங்கள், இல்லையென்றால் முதல் சுற்றிலேயே ஊசி ஒடியும்
- ஓட்டையைப் பென்சிலைவிடச் சற்றுச் சின்னதாகப் போட்டு இறுக்கமாக நுழைக்கணும். இரண்டு பக்கமும் ரப்பர் பேண்டு சுற்றினால் தட்டு நகராது

தட்டு, முனையிலிருந்து 2 செ.மீ. மேலே நிற்கட்டும். 4 செ.மீ.க்கு ஏற்றினால் கனம் மேலே போய்ச் சீக்கிரம் சாயும். 1 செ.மீ.க்கு இறக்கினால் லேசாகச் சாய்ந்தாலே விளிம்பு தரையில் உரசி நின்றுவிடும்.

தண்டு மெலிதாக இருந்தால் விரல் உருட்டும்போது வேகம் அதிகம் வரும், ஆனால் சின்ன விரலுக்குப் பிடி கிடைக்காது. பென்சில் தடிமன் இந்த வயதுக்குச் சரி. பல்குத்தும் குச்சி பெரியவர்களுக்கு.

நாலு பேருக்கு ஒரு விளிம்புள்ள தட்டு. வெறும் தரையில் விட்டால் பாதி நேரம் மேசைக்கு அடியில் தேடுவதிலேயே போகும்.

#4 பாலர்_மேசை

சோதனைக்கு மூன்று செய்து பார்த்தாயிற்று. இரண்டு வெடவெடவென்று ஆடுகின்றன, ஒன்று மட்டும் நன்றாகச் சுற்றுகிறது. ஒரே அட்டை, ஒரே பென்சில். எங்கே பிசகு?

#5 சாட்டையும்_ஆணியும்

டம்ளரைக் கவிழ்த்து வட்டம் வரைந்து, நடுவைக் கண்ணால் குறித்தீர்களா? அதுதான். 2 மி.மீ. தள்ளினாலே கைக்குத் தெரியும். காம்பஸால் வரைந்தால் ஊசி குத்திய இடமே நடு. காம்பஸ் இல்லையா, அதே அளவு மெல்லிய தாளில் ஒரு வட்டம் வெட்டி இரண்டு முறை மடித்துப் பிரியுங்கள், மடிப்பு வெட்டிக்கொள்ளும் இடம் நடு. அதை அட்டைமேல் வைத்துக் குத்துங்கள். பிள்ளைகளே இதைச் செய்வார்கள், செய்யட்டும்.

ஓட்டை சரியாக இருந்தும் ஆடினால் பென்சில் சாய்வாக நுழைந்திருக்கும். கண்ணுக்கு நேரே பிடித்து மெதுவாக உருட்டிப் பாருங்கள். விளிம்பு ஏறி இறங்கினால் தண்டு சாய்வு, உள்ளே வெளியே போனால் ஓட்டை நடுவில் இல்லை. இரண்டும் வேறு வேறு நோய்.

அதிக நேரம் சுற்ற, மெல்லிய களிமண் திரி உருட்டி விளிம்பைச் சுற்றி மேலே ஒட்டுங்கள். கனம் வெளியே போகப் போக நிற்க நேரமாகும். திரி எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருக்கணும். காசு ஒட்டுவதைச் சில இடங்களில் எழுதியிருப்பார்கள், இந்த வயதில் வேண்டவே வேண்டாம். காசு கழன்றால் நேரே வாய்க்குத்தான் போகும்.

இரண்டாம் சுற்றில் தட்டின்மேல் கறுப்பு வெள்ளைத் தாள் ஒட்டலாம். ஒரு பாதி முழுக் கறுப்பு, மறு பாதியில் வில் வில்லாகச் சில மெல்லிய கறுப்புக் கோடுகள். சுற்றும்போது கோடுகளில் மங்கலாக நிறம் தெரியும். இங்கிலாந்தில் சார்லஸ் பென்ஹாம் என்பவர் 1894இல் இதைப் பம்பரமாகவே விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஒருவருக்குத் தெரியும் நிறம் இன்னொருவருக்குத் தெரிவதிலிருந்து கொஞ்சம் மாறும், அதனால் ‘சரியான விடை’ கேட்காதீர்கள்.

#6 நூல்கண்டு

பம்பரத்துக்கு அடுத்தது வட்டும் நூலும். ரெண்டு கையிலும் நூலை மாட்டி இழுத்தா நடுவுல வட்டு ‘விர்ர்ர்’னு சுத்துமே, அது. சத்தமும் வர்றதால பிள்ளைங்களுக்கு உயிர்.

7 செ.மீ. அட்டை வட்டம், ரெண்டு அடுக்கு. நடுவுக்கு இந்தப் பக்கம் 5 மி.மீ., அந்தப் பக்கம் 5 மி.மீ. தள்ளி ரெண்டு ஓட்டை. 1 மீட்டர் பருத்தி நூல், 2 மி.மீ. தடிமன். ஒரு ஓட்டையில விட்டு மறு ஓட்டையில எடுத்து முடிச்சுப் போட்டா அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவா ஒரு கண்ணி கிடைக்கும். அஞ்சு வயசு கை அகலத்துக்கு அதுவே போதும். பெரியவங்க அளவுக்கு நீளமா விட்டா பிள்ளை கையை முழுசா விரிச்சும் நூல் இறுகாது.

ரெண்டு கையிலயும் நடுவிரல்ல மாட்டி, வட்டை நடுவுல நிறுத்தி, ஒரே திசையில 20 தடவை சுழட்டி முறுக்கு ஏத்தணும். அப்புறம் இழுக்கணும், விடணும். இங்கதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க. பிள்ளை இழுத்த இழுப்பை விடாது. முறுக்கு அவிழ்ந்து வட்டு வேகம் எடுக்குது, அந்த வேகத்துலயே நூலை எதிர்ப்பக்கமா முறுக்கப் பாக்குது, அந்த நேரத்துல கை தளர்ந்தாத்தான் முறுக்கு ஏறும். தளரலைன்னா அப்படியே செத்துடும். ‘இழூ… விடு… இழூ… விடு’ன்னு மெதுவா தாளம் போடுங்க. ஆரம்பத்துல உங்க கை பிள்ளை கைமேல இருக்கட்டும். நாலஞ்சு இழுப்புல அந்த நெளிவு பிடிபட்டுடும்.

எங்க கெடும்:

- ஓட்டை ரெண்டும் ரொம்ப ஒட்டி இருந்தா நூலுக்கு வட்டுமேல பிடி இல்லை, படபடன்னு அடிச்சுக்கும்
- முடிச்சு வட்டுக்குப் பக்கத்துல இருந்தா ஓட்டையில மாட்டும். முடிச்சு எப்பவும் கைப்பக்கம்
- நைலான் நூல் வழுக்கும், விரலையும் அறுக்கும்
- தகர மூடியைத் தட்டி வட்டாக்குற பழைய முறை இங்க வேணாம். அந்த வேகத்துல அது பிளேடு

நீள முடியைக் கட்டிட்டுத்தான் நூலைக் கையில குடுக்கணும். முடி முறுக்குல மாட்டுனா கத்தரிக்கோல்தான்.

ஒரு துணுக்கு, பெரியவங்களுக்கு: இதே தத்துவத்துல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல மனு பிரகாஷ் குழு காகித வட்டு வச்சு ரத்தம் பிரிக்கிற கருவி செஞ்சு 2017ல வெளியிட்டாங்க. நிமிஷத்துக்கு 1,25,000 சுத்து வரைக்கும் எட்டினதா கணக்கு. கரண்டு கிடையாது, கைதான். ‘இது வெறும் பழைய விளையாட்டுச் சாமான்’னு யாராவது முகம் சுளிச்சா எடுத்து விடுங்க.

#7 பழம்பொருள்_அலமாரி

செய்து விளையாடுவது ஒரு பக்கம் இருக்கட்டும். உண்மையிலேயே பழையதாக ஒரு பொருளாவது பிள்ளைகள் கண்ணில் படவேண்டும் என்பது என் கருத்து. நகலில் கனமும் இல்லை, தேய்மானமும் இல்லை. ஒரு மரக் குதிரையின் முதுகில் மட்டும் வண்ணம் தேய்ந்திருந்தால் ‘ஏன் இங்கே மட்டும்?’ என்று கேட்கலாம். அந்தக் கேள்வி புதுப் பொருளில் எழாது.

ஆனால் எதைக் கையில் தரலாம், எதைக் கண்ணால் மட்டும் காட்டலாம் என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள்.

வண்ணம் பூசியவை. பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் விளையாட்டுப் பொருள்களின் பூச்சில் ஈயத்துக்குத் தடை வந்ததே 1978இல்தான். 2009 முதல் அங்கே வரம்பு பத்து லட்சத்தில் 90 பங்கு. எனவே எப்போது செய்தது என்று தெரியாத, பூச்சு உரியும் பொருள் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். ஈயச் சிப்பாய்ப் பொம்மைகளும் அப்படியே. 1893இல் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளே குடைவாக வார்க்கத் தொடங்கியதால் எடை குறைவாக இருக்கும். எடையை மட்டும் பார்த்து ஈயமில்லை என்று முடிவு கட்டக்கூடாது.

தகரப் பொம்மைகள். தகட்டு நாக்குகளை மடித்துத்தான் இரண்டு பாதியையும் சேர்த்திருப்பார்கள். ஆண்டாண்டாக மடிந்து நிமிர்ந்து அந்த நாக்குகள் கத்தியாகியிருக்கும். சாவி கொடுப்பது நீங்களாக இருங்கள், முதல் எதிர்ப்பு தெரிந்ததும் நிறுத்துங்கள். வேலை முடிந்ததும் முழுக்க ஓடவிட்டு, சுருள்வில் தளர்ந்த நிலையில் எடுத்து வையுங்கள்.

செல்லுலாய்டு பொம்மைகள். மெல்லியவை, லேசானவை, தேய்த்தால் சில சமயம் கற்பூர வாசனை வரும். எளிதில் தீப்பிடிக்கும். வெயிலிலும் விளக்கருகிலும் வைக்காதீர்கள், காற்றுப் புகாத டப்பாவிலும் அடைக்காதீர்கள்.

துணிக் கரடிகள். பழைய கண்ணாடிக் கண்கள் கம்பியில் கோத்துச் செருகியவை, இழுத்தால் கம்பியோடு வரும். பூச்சி இருக்குமோ என்று சந்தேகமென்றால் பாலிதீன் பையில் காற்றில்லாமல் கட்டி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் கோத்துக்கொள்ளும்.

தொடும் முறை: தரையில் மடித்த துண்டு, அதன்மேல் பொருள், சுற்றி மூன்று பிள்ளைகள். எல்லோரும் உட்கார்ந்திருக்க வேண்டும், விழுந்தாலும் ஒரு சாண் உயரம்தான். ஒரு விரலால் மட்டும் தொடலாம். முடிந்ததும் கை கழுவுதல் கட்டாயம்.

#8 அட்டைப்பெட்டி

அலமாரி ஐயா சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் 22 பேருக்கு மூன்று மூன்று பேராக என்றால் எட்டுச் சுற்று. சுற்றுக்கு நாலு நிமிஷம் என்றாலும் வகுப்பு முடிந்தது. காத்திருக்கும் 19 பேரை யார் பார்ப்பது? அசல் பொருள் ஒன்றே ஒன்று, அதுவும் மூன்றாம் நாள், மற்றவர்கள் வேலையில் மூழ்கியிருக்கும்போது ஒரு மூலையில் நடக்கட்டும். முதல் நாள் காட்டினால் ‘தொடாதே’ என்ற சொல்தான் பிள்ளை மனசில் நிற்கும்.

#9 பழம்பொருள்_அலமாரி

ஒப்புக்கொள்கிறேன். மூன்றாம் நாள், ஒரே பொருள். அது மரமாக இருக்கட்டும், பூச்சில்லாததாக இருக்கட்டும்.

#10 கத்தரியும்_பசையும்

இரண்டாம் நாளுக்குக் காணொளி என்றீர்கள். அதற்குப் பதில் அசையும் படத்தின் பாட்டியைக் காட்டுங்கள். ஒரு வட்ட அட்டை, ஒரு பக்கம் பறவை, மறுபக்கம் கூண்டு, இரண்டு ஓரத்திலும் நூல். நூலை விரல்களால் உருட்டினால் பறவை கூண்டுக்குள் போய் உட்காரும். லண்டனில் 1825இல் ஜான் அயர்ட்டன் பாரிஸ் என்ற மருத்துவர் வழியே இது பரவியது, தாமட்ரோப் என்று பெயர். பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் எதற்கு, ‘மாயத்தட்டு’ என்றால் போதும்.

வட்டம் 7 செ.மீ., சற்று விறைப்பான வெள்ளை அட்டை. இடது ஓரம், வலது ஓரம், விளிம்பிலிருந்து 5 மி.மீ. உள்ளே ஓட்டை. நூலைவிட ரப்பர் பேண்டு நல்லது, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒன்றைக் கோத்துச் சுருக்குப் போட்டுவிட்டால் முறுக்கி இழுத்தாலே தானாகச் சுற்றும். நூலை உருட்டும் அளவுக்குச் சின்ன விரல்களில் வேகம் வராது. வினாடிக்குப் பத்துத் தடவைக்குக் குறையாமல் புரண்டால்தான் இரண்டு படமும் ஒட்டும்.

#11 வால்நட்சத்திரம்

இந்த மாயத்தட்டில் பறவை கூண்டுக்குள் தலைகீழாகத் தொங்குகிறது. ஓட்டை எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. என்ன தப்பு?

#12 கத்தரியும்_பசையும்

கிட்டத்தட்ட எல்லோரும் ஒருமுறை செய்யும் தப்பு. பறவையை வரைந்துவிட்டு அட்டையைப் புத்தகப் பக்கம் போலத் திருப்பிக் கூண்டை வரைந்திருப்பீர்கள். ஆனால் நூல் இடது வலதாக இருப்பதால் தட்டு புரள்வது மேலிருந்து கீழாக. ஆகவே சுவர் நாட்காட்டித் தாளை மேலே தூக்கிப் புரட்டுவது போல அட்டையைப் புரட்டி, அந்த நிலையில் கூண்டை நேராக வரையணும்.

பிள்ளைகளுக்கு இதை வாயால் விளக்கித் தீராது. வரையத் தொடங்கும் முன்பே இரண்டு ஓட்டையும் போட்டு ரப்பர் பேண்டும் மாட்டிக் கொடுத்துவிடுங்கள். பேண்டை இரண்டு கையிலும் பிடித்தபடி அட்டையைப் புரட்டச் சொன்னால் வேறு மாதிரிப் புரட்டவே வழியில்லை. அப்புறம் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பின்படம் மங்கலாகத் தெரியும், பறவை கூண்டின் நடுவில் இருக்கிறதா என்று அவர்களே சரிபார்ப்பார்கள்.

மஞ்சள், இளஞ்சிவப்பு வேண்டாம். சுற்றும்போது ஒவ்வொரு படமும் பாதி வலுவில்தான் தெரியும், வெளிர் நிறம் காணாமல் போகும். தடித்த கறுப்பு, கருநீலம், கருஞ்சிவப்பு. பறவையை உள்ளே முழுக்க நிரப்பணும், கூண்டுக் கம்பிகள் மெல்லிசாக ஆறேழு போதும். பறவைக்குப் பதில் மீனும் தொட்டியும், முகமும் தொப்பியும், எதுவும் ஆகும்.

அதற்கு அடுத்த படி பன்னிரண்டு பிளவுள்ள சுழல் உருளை (உள்ளே வரிசையாக வைத்த படங்களைச் சுற்றும்போது பிளவு வழியே பார்ப்பது), வில்லியம் ஹார்னர் 1834இல் விவரித்தது. அது நீங்கள் செய்து காட்டுவதற்கு மட்டும். பிளவு 3–4 மி.மீ.க்கு மேல் போனால் படம் கலங்கும், உள்பக்கம் கறுப்பாக இருக்கணும். அவ்வளவே.

#13 நூல்கண்டு

பேட்டரி இல்லாம வண்டி ஓடுமான்னு கேக்குற பிள்ளைக்கு நூல்கட்டை வண்டி. காலி நூல்கட்டை ஒண்ணு, கட்டை நீளத்துக்கு இணையா ஒரு ரப்பர் பேண்டு, பாதித் தீக்குச்சி (மருந்தைக் கிள்ளிட்டு), 5 மி.மீ. தடிமன்ல மெழுகுவத்தித் துண்டு, 10 செ.மீ. குச்சி.

பேண்டைக் கட்டைக்குள்ள விட்டு ஒரு பக்கம் தீக்குச்சியில மாட்டி டேப் போட்டு ஒட்டிடுங்க. தீக்குச்சி விளிம்பைத் தாண்டக்கூடாது. மறு பக்கம் பேண்டை மெழுகுத் துண்டு ஓட்டை வழியா இழுத்து நீளக் குச்சியில மாட்டணும். மெழுகு வெட்டுறதும் ஓட்டை போடுறதும் பெரியவங்க வேலை. மெழுகுவத்தியைச் சுடுதண்ணியில ரெண்டு நிமிஷம் போட்டு வெட்டினா நொறுங்காது, ஊசியைச் சூடு பண்ணிக் குத்தினா ஓட்டை சுத்தமா விழும். மெழுகுமேல குச்சி உக்கார ஒரு பள்ளம் கீறிடுங்க.

நீளக் குச்சியை 30 சுத்து. கீழ வச்சு விட்டா குச்சி தரையில ஊனிக்கும், கட்டை உருளும்.

- சர்ருன்னு ஒரே மூச்சுல அவிழ்ந்துட்டா மெழுகு இல்ல, இல்லாட்டி மெல்லிசு. அந்த மெழுகு உரசல்தான் ரப்பரைக் கொஞ்சம் கொஞ்சமா அவிழ விடுது
- கட்டை நிக்குது, குச்சி மட்டும் காத்தாடி மாதிரி சுத்துதுன்னா குச்சி தரையைத் தொடலை, இன்னும் நீளம் வேணும்
- தீக்குச்சிப் பக்கம் சேர்ந்து சுத்தினா டேப் விட்டுடுச்சு
- பிளாஸ்டிக் கட்டை வழுக்கினா ரெண்டு விளிம்புலயும் ரப்பர் பேண்டு சுத்துங்க
- நேரா போகாம வளைஞ்சு போறது குத்தமில்ல. குச்சி ஒரு பக்கம் இழுக்குது, அவ்வளவுதான்

22 பேருக்கு 22 வண்டி செய்யாதீங்க. நாலு பேருக்கு ஒண்ணு.

#14 மரச்சீவல்

குறுக்கே ஒன்று. கயிறு இழுத்தால் கைகால் தூக்கும் அட்டைப் பொம்மையை யாரும் சொல்லவில்லையே. இதில் பத்துக்கு ஏழு பொம்மை கை தூக்காமல் போவது ஒரே காரணத்தால்தான், கயிற்று ஓட்டையின் இடம்.

ஒவ்வொரு கைக்கும் இரண்டு ஓட்டை. ஒன்று உடம்போடு பிணைக்கும் அச்சு ஓட்டை. இன்னொன்று கயிறு கட்ட. கை கீழே தொங்கும்போது கயிற்று ஓட்டை அச்சுக்கு 8 மி.மீ. மேலேயும், 4 மி.மீ. உள்பக்கமும் (உடம்பின் நடுவை நோக்கி) இருக்கணும். நேர் மேலே போட்டால் கீழே இழுக்கும் விசை அச்சிலேயே போய் முட்டும், கை அசையாது. அச்சுக்குக் கீழே போட்டாலும் கை எழும்பாது.

கைகள் தொங்கும் நிலையில் இரண்டு கயிற்று ஓட்டையையும் குறுக்குக் கயிற்றால் இணையுங்கள், கால்களுக்கும் அப்படியே. இரண்டின் நடுவிலும் ஒரு நீளக் கயிறு கட்டி அடியில் ஒரு மணி. கை தூக்கிய நிலையில் முடிச்சுப் போட்டால் அப்புறம் இழுக்க இடமே இருக்காது. பித்தளை பின் மாட்டினால் இறுக்கி மடிக்காதீர்கள், ஒரு மெல்லிய அட்டையை இடையில் வைத்து மடித்துவிட்டு அட்டையை உருவிவிட்டால் சரியான தளர்வு கிடைக்கும். ஓட்டைகளை நீங்கள் போட்டு, வண்ணமும் இணைப்பும் பிள்ளைகளிடம் விடுங்கள்.

#15 பாலர்_மேசை

மிக்க நன்றி. இரண்டு கேள்வி. ஒன்று, மூன்று வயதுத் தங்கை தம்பிகளும் கடைசி நாள் வருவார்கள். இரண்டு, ‘ரொம்ப முன்னாடி’ என்ற நான்காவது படத்துக்குக் கீழே எதைச் சொல்வது?

#16 அட்டைப்பெட்டி

மூன்று வயதுக்குக் கீழ் என்றால் எதுவும் வாய்க்குள் போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பொம்மையின் சின்னப் பாகங்களைச் சோதிக்க ஒரு குழல் உண்டு, உள்விட்டம் 31.7 மி.மீ. அதற்குள் முழுசாக அடங்குவது எதுவும் அந்த வயதுக்கு ஆகாது. குழல் இல்லாவிட்டால் டாய்லெட் பேப்பர் சுற்றியிருக்கும் அட்டைக் குழாய், அது இன்னும் அகலம் என்பதால் தவறினாலும் பாதுகாப்பான பக்கமாகவே தவறும். பந்துக்கு இன்னும் கண்டிப்பு வேண்டும், 45 மி.மீ. விட்டத்துக்குக் குறைந்த உருண்டை எதுவும் அந்த அறையில் இருக்கக்கூடாது. கோலி, மணி, தீக்குச்சித் துண்டு, பித்தளை பின் எல்லாம் அன்றைக்குப் பூட்டில். நூல் உள்ளது எதையும் கொடுத்துவிட்டு நகராதீர்கள்.

அவர்களுக்குச் சாய்ந்தாடும் பொம்மை கொடுங்கள். 8 செ.மீ. பிளாஸ்டிக் பந்தின் பாதியில், அடியில் மட்டும் களிமண்ணை அப்பி, மேலே மெல்லிய தாள் கூம்பு. களிமண்ணை விளிம்பு வரை நிரப்பினால் கனம் மேலேறிவிடும். கூம்பும் கனமாக இருந்தால் பொம்மை படுத்துக்கொள்ளும், எழாது. பொம்மையின் மொத்தக் கனத்தின் மையம் அந்தப் பந்தின் நடுப்புள்ளிக்குக் கீழே இருக்கும்வரை எப்படித் தள்ளினாலும் நிமிரும். கூம்பின் விளிம்பைச் சுற்றி நன்றாக டேப் ஒட்டுங்கள், களிமண் வெளியே வரக்கூடாது.

#17 பழம்பொருள்_அலமாரி

‘ரொம்ப முன்னாடி’க்கு ஒரே பொருள் போதும்: ஹரப்பா, மொகஞ்சதாரோவில் கிடைத்த சுட்டமண் வண்டி. சுமார் 4500 ஆண்டுப் பழமை. அங்கேயே கயிறு கட்டித் தலையாட்டும் மாடும், பறவை வடிவ ஊதலும் கிடைத்திருக்கின்றன. படத்தைக் காட்டிவிட்டு களிமண்ணில் ஒரு வண்டி செய்யச் சொல்லுங்கள். சக்கரம் 4 செ.மீ., தடிமன் 1 செ.மீ., அச்சுக்குக் குச்சி. ஓட்டையைக் குச்சியைவிட 2 மி.மீ. பெரிதாகப் போடுங்கள், காயும்போது களிமண் சுருங்கிக் குச்சியை இறுக்கும். ஓட்டை போட்ட குச்சியை உடனே உருவிவிட வேண்டும். வெயிலில் வேகமாகக் காயவைத்தால் வெடிக்கும், நிழலில் இரண்டு நாள். ஆகவே முதல் நாளே செய்தால்தான் மூன்றாம் நாள் உருளும்.

4500 என்ற எண்ணைப் பிள்ளைகளுக்குக் காட்டவும் ஒரு வழி உண்டு. தலைமுறைக்கு 25 ஆண்டு என்று வைத்தால் 180 தலைமுறை. 15 செ.மீ. தாள் நாடாக்களை வளையமாக ஒட்டி 180 வளையச் சங்கிலி கோத்தால் ஏறக்குறைய 8 மீட்டர் வரும். முதல் வளையம் நீ, இரண்டாவது அம்மா, மூன்றாவது பாட்டி. கடைசி வளையத்தில் மண்வண்டிப் படம். மூன்றாவது வளையத்தை ஒரு பிள்ளை பிடித்துக்கொண்டு நிற்க, கடைசி வளையத்தைப் பிடித்தவர் எதிர்ச்சுவர் வரை நடந்து போவதைப் பார்க்கட்டும். அதற்குமேல் நீங்கள் பேச வேண்டியதில்லை.

பாட்டி வளையத்துக்குப் பக்கத்தில் லெகோ கட்டை வையுங்கள். இன்றைய வடிவத்துக்குக் காப்புரிமை கோரியது 1958இல், அன்றைய கட்டை இன்றைய கட்டையோடு பொருந்தும். ‘பழசு’ என்றால் உபயோகமில்லாதது என்ற எண்ணத்துக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. அதே இடத்தில் மாடிப்படி இறங்கும் சுருள்வில்லும், ஸ்லிங்கி, 1945இல் கடைக்கு வந்தது. கப்பல் கருவிக்கான வில்லைக் கையாண்டுகொண்டிருந்த ரிச்சர்டு ஜேம்ஸ் என்ற பொறியாளர், அது தவறி விழுந்து நடந்துபோனதைப் பார்த்ததில் பிறந்தது.

#18 ஊர்க்குருவி

இத்தனை மெனக்கெடல் எதற்கு? இந்தக் காலப் பிள்ளைகளுக்குப் போனை விட்டால் ஒன்றும் தெரியாது, எங்கள் காலத்தில் இருந்ததுதான் உண்மையான விளையாட்டு என்று நாலு வார்த்தை உறைக்கிற மாதிரிச் சொன்னால் போதாதா?

#19 அட்டைப்பெட்டி

போதாது, கெடுதலும்கூட. ‘உன் சாமான் மட்டம்’ என்று தொடங்கினால் அடுத்த 39 நிமிஷம் பிள்ளை காது மூடிக்கொள்ளும். அது உண்மையும் இல்லை, ஈயப் பூச்சும் தீப்பிடிக்கும் பொம்மையும் மேலேதான் பேசியிருக்கிறோம். பிள்ளையின் பேட்டரிக் காரையே கொண்டுவரச் சொல்லி நூல்கட்டை வண்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். ‘இதைத் தள்ளுறது எது? அதைத் தள்ளுறது எது?’ கை, கயிறு, ரப்பர், சுருள்வில், கனம், பேட்டரி என்று தரையில் ஆறு வளையம் போட்டுப் பொருள்களைப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். சாய்ந்தாடும் பொம்மையை எங்கே வைப்பது என்று சண்டை வரும். வரட்டும்.

அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்து ஸ்ட்ராங் அருங்காட்சியகத்தின் விளையாட்டுப் பொருள் பட்டியலில் 2005இல் அட்டைப்பெட்டியும் 2008இல் வெறும் குச்சியும் இடம்பிடித்தன. (பெயர்ப் பொருத்தத்துக்கு நான் பொறுப்பல்ல.)

#20 கத்தரியும்_பசையும்

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவரச் சொல்வதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. ‘நீங்க சின்ன வயசுல என்ன பொம்மை வச்சிருந்தீங்க?’ என்று கேட்டால் ‘பொம்மையா, அதெல்லாம் எங்கே கண்டோம்’ என்று பதில் முடிந்துவிடும். கேள்வியை மாற்றுங்கள்: ‘எதை வச்சு விளையாடுனீங்க? எப்படின்னு கையால காட்டுங்க. அது உடைஞ்சா என்ன பண்ணுவீங்க?’ மூன்றாவது கேள்விக்குத்தான் நீளமான பதில் வரும். பிள்ளை அதைப் படமாக வரைந்து வரட்டும், எழுத வேண்டாம்.

#21 பாலர்_மேசை

மாற்றிய திட்டம்: முதல் நாள் அழுக்குக் கார்–புதுப் பம்பரம் கேள்வி, கொடி, விரல் பம்பரம், கடைசிப் பத்து நிமிஷம் களிமண் சக்கரம். இரண்டாம் நாள் மாயத்தட்டு, வட்டும் நூலும். மூன்றாம் நாள் நூல்கட்டை வண்டி, ஆறு வளையம், காகிதச் சங்கிலி, மூலையில் ஒரு மரப் பொருள். சரியா?

#22 சாட்டையும்_ஆணியும்

இரண்டாம் நாள் இரண்டும் வேண்டாம், ஒன்றை எடுங்கள். மாயத்தட்டு வரையவே 25 நிமிஷம் போகும். வட்டும் நூலும் மூன்றாம் நாள் வரும் பெரியவர்களோடு சேர்ந்து செய்யட்டும், கைமேல் கை வைக்க ஆள் கிடைக்கும்.

#23 நூல்கண்டு

அப்படின்னா வட்டுகளை முன்னாடியே ஓட்டை போட்டு நூல் கோத்து வச்சிடுங்க. ஆனா 22ஐயும் ஒரே பையில போட்டுறாதீங்க, காலையில அவிழ்க்கவே ஒரு மணி நேரம் ஆகும். ஒவ்வொண்ணையும் ஒரு அட்டைத் துண்டுல எட்டுப் போட்டுச் சுத்தி, நுனியை ஒரு வெட்டுல செருகி வைங்க.